மேக்ஸ் 20 மாதம் தரையில் கிடந்தபோது விமானிகள் கேட்டது என்ன?

737 விமானத்தின் காக்பிட்டில், த்ராட்டில் இருக்கும் நடு மேடையின் இரு பக்கமும் ஆளுக்கொரு சக்கரம் உண்டு. கருப்புச் சக்கரம், அதில் வெள்ளைக் கோடு. வாலில் இருக்கும் சிறு கிடைமட்ட இறக்கையான ஸ்டெபிலைசரைச் சாய்த்து மூக்கை ஏற்றவோ இறக்கவோ செய்கிற டிரிம் வீல் அது. மோட்டார் ஓடினால் சக்கரமும் கடகடவென்று கூடவே சுற்றும். வெள்ளைக் கோடு ஓடுகிற திசையைப் பார்த்தே மூக்கு எந்தப் பக்கம் போகப்போகிறது என்று சொல்லிவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால், மடங்கிக் கிடக்கும் கைப்பிடியை வெளியே இழுத்துக் கையால் சுற்ற வேண்டியதுதான். 1960-களின் 737-இல் இருந்த ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. ஆனால் சக்கரத்தின் அளவு மட்டும் பழைய மாடல்களைவிடச் சிறியது.

இரண்டு விபத்துகளுக்குப் பின், 2019 மார்ச் 13-இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, போயிங் 737 மேக்ஸ் பறக்கத் தடை போட்டது. 2020 நவம்பர் 18-இல்தான் தடையை நீக்கியது. நடுவில் இருந்த 20 மாதமும் "எப்போது திரும்பி வரும்?" என்பதுதான் செய்தி. போயிங் ஒரு தேதி சொல்லும், விமான நிறுவனங்கள் அதை நம்பி அட்டவணை போடும், அது தள்ளிப்போகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு கட்டத்தில் ஆகஸ்ட் 19 என்றது, பிறகு செப்டம்பர் 3, நவம்பர் 2, டிசம்பர் 3 என்று மாற்றிக்கொண்டே போனது. விமானிகள் தரப்பில் கேட்ட கேள்வி வேறு: அந்தச் சக்கரத்தை யார் சுற்றுவது, எந்த வேகத்தில் சுற்ற முடியும், சுற்றும்போது காதருகே அலறுகிற சத்தத்தை எப்படி நிறுத்துவது? தாமதத்தின் பெரும்பகுதி இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் அடங்கியிருந்தது.

கேள்வி ஏன் சக்கரத்தில் வந்து நின்றது என்பதற்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் பயண எண் 302-ஐத்தான், விழுந்த இரண்டாவது மேக்ஸை, பார்க்க வேண்டும். 2019 மார்ச் 10, அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபி. ஓடுதளத்தை விட்டு எழும்பிய சில நொடிகளில் மூக்கின் இடப்பக்கச் சாய்வுக்கோண சென்சார் 74.5 டிகிரி என்று காட்டியது, வலப்பக்கம் 15.3 டிகிரி. இந்த சென்சார் ஒரு சிறிய தகடு, காற்று வருகிற திசைக்குத் திரும்பும், அவ்வளவுதான். 74.5 டிகிரியில் எந்தப் பயணிகள் விமானமும் பறக்காது. ஆனால் கணினி அதை நம்பியது. இடப்பக்க ஸ்டிக் ஷேக்கர், கேப்டன் கையில் பிடித்து ஓட்டும் யோக்கை உலுக்க ஆரம்பித்தது. விமானம் ஸ்டால் ஆகப்போகிறது, அதாவது தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று சொல்லும் எச்சரிக்கை அது. டேக்ஆஃபுக்காக இறக்கையில் நீட்டியிருந்த ஃப்ளாப்பை உள்ளே இழுத்ததும் எம்கேஸ் விழித்துக்கொண்டது.

எம்கேஸ் என்பது மூக்கைத் தானாகக் கீழே அழுத்துகிற சாஃப்ட்வேர். மேக்ஸின் எஞ்சின் பெரியது, முன்னால் தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தியது. அதிகச் சாய்வுக்கோணத்தில் எஞ்சின் உறையே கொஞ்சம் தூக்குவிசை தருவதால் யோக்கின் கனம் பழைய 737-போல இருக்காது. அந்த உணர்வைச் சரிக்கட்டச் சேர்த்தது எம்கேஸ். நொடிக்கு 0.27 டிகிரி வீதம், ஒரு தடவைக்கு 9 நொடிக்குச் சற்று மேல், மொத்தம் 2.5 டிகிரி வரை ஸ்டெபிலைசரைத் திருப்பும். முதலில் யோசித்த அளவு 0.6 டிகிரிதான். விமானி கட்டைவிரல் ஸ்விட்சால் டிரிம் செய்து எதிர்த்தால் நின்றுவிடும்; விரலை எடுத்து 5 நொடி ஆனதும் மறுபடி வரும். ஒரே ஒரு சென்சாரை மட்டுமே பார்க்கும். பழைய 737-இல் யோக்கைப் பின்னால் இழுத்தாலே எதிர்த் திசையில் ஓடும் டிரிம் நின்றுவிடும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து கைக்குப் பழகிய விஷயம் அது. எம்கேஸுக்கு அந்த விதி பொருந்தாது. இழுத்தாலும் அது தன் வேலையைப் பார்க்கும்.

302-இல் ஸ்டெபிலைசர் டிரிம் அளவுகோலில் 4.6 யூனிட்டிலிருந்து 2.1-க்கு இறங்கியது; எண் குறையக் குறைய மூக்கு கீழே. விமானிகள் கொஞ்சம் மீட்டார்கள். எம்கேஸ் மறுபடி வந்தது. அவர்கள் டிரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட் ஸ்விட்சுகளை அணைத்தார்கள். அதாவது முதல் மேக்ஸ் விபத்தான லயன் ஏர் விபத்துக்குப் பின் 2018 நவம்பரில் வந்த அவசர உத்தரவு சொன்னதைச் செய்தார்கள். ஆனால் ஸ்டெபிலைசர் அப்போது 2.3-இல் நின்றது. எஞ்சின் டேக்ஆஃப் சக்தியிலேயே, 94 விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் 340 நாட்டை (மணிக்கு 340 கடல் மைல்) தாண்டிப் போனது. கோ-பைலட் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் எளிது. மூக்கு கீழே போகும்படி ஸ்டெபிலைசர் சாய்ந்திருக்கிறது. விமானி யோக்கைப் பின்னால் இழுப்பதால் அதன் பின் விளிம்பில் உள்ள எலிவேட்டர் எதிர்த்திசையில் வளைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வாலில் உள்ள திருகுத் தண்டின்மேல் பாரத்தை ஏற்றுகின்றன. வேகம் கூடக் கூட, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப, அந்தப் பாரமும் கூடும். 200 நாட்டில் ஒரு கையால் சுற்றிவிடக்கூடிய சக்கரம் 340-இல் இரண்டு பேர் சேர்ந்தாலும் மசியாது. பழைய 737-200 காலத்துக் கையேடுகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. யோக்கைச் சற்றுத் தளர்த்தி மூக்கை விழவிட வேண்டும், பாரம் குறைகிற அந்தக் கணத்தில் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும், மறுபடி தளர்த்த வேண்டும். உயரம் இருந்தால்தான் இது நடக்கும். அடிஸ் அபாபா ஓடுதளமே கடல் மட்டத்திலிருந்து 7,600 அடிக்கு மேல். கீழே விட உயரம் ஏது?

கடைசியில் மின்சார டிரிம்மை மறுபடி இயக்கினார்கள். 5 நொடியில் எம்கேஸும் கூடவே திரும்பி வந்தது. ஸ்டெபிலைசர் 2.3-லிருந்து 1.0. இறந்தவர்கள் 157 பேர். அதற்கு முன் 2018 அக்டோபர் 29-இல் ஜாவாக் கடலில் லயன் ஏர் 610, 189 பேர். மொத்தம் 346.

இங்கே விமானிகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் பொதுச் செய்திகளில் அதிகம் வரவில்லை. மேக்ஸுக்கு முந்தைய என்ஜி மாடலில் இரண்டு கட்அவுட் ஸ்விட்சுக்கும் வேறு வேறு வேலை. ஒன்று ஆட்டோபைலட்டின் டிரிம்மை மட்டும் துண்டிக்கும். விமானியின் கட்டைவிரல் ஸ்விட்ச் மின்சாரத்தோடு உயிரோடு இருக்கும். மேக்ஸில் இரண்டும் ஒரே வேலைதான்: எதை அணைத்தாலும் மொத்த மின்சார டிரிம்மும் போய்விடும். கணினியை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மோட்டாரை நம் கையில் வைத்துக்கொள்ள வழியில்லை. அந்த மாற்றம் இல்லாதிருந்தால் 302 தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய கட்டாயம் வந்திருக்காது.

சரி, தாமதம்.

தடை வந்த சில வாரத்தில் போயிங்கின் பேச்சு "சாஃப்ட்வேர் தயார்" என்பதுதான். எம்கேஸ் இனி இரண்டு சென்சாரையும் பார்க்கும், இரண்டுக்கும் 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பயணம் முழுக்க ஒதுங்கிக்கொள்ளும். ஒரு நிகழ்வுக்கு ஒரு தடவைதான் இயங்கும். யோக்கை இழுத்தே விமானி சமாளிக்க முடிகிற அளவைத் தாண்டாது. எல்லாம் நல்ல திருத்தங்கள். அதோடு கோடையிலேயே பறக்க ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

ஜூன் 2019-இல் எஃப்ஏஏ சோதனை விமானிகள் போயிங்கின் சிமுலேட்டரில் இன்னொரு கோளாறைச் செய்து பார்த்தார்கள். எம்கேஸ் இல்லை, பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினியின் சில்லு தவறிப்போய் ஸ்டெபிலைசரைத் தானாக ஓடவைத்தால் என்ன ஆகும் என்ற சோதனை. என்ன நடக்கிறது என்று புரிந்து மீட்பதற்கு அதிக நேரம் பிடித்தது. அந்த ஒரு சோதனையால் வந்த வேலைதான் பல மாதங்களைத் தின்றது. 737-இல் இரண்டு கணினி உண்டு. ஆனால் ஒரு பயணத்துக்கு ஒன்றுதான் பொறுப்பு, அடுத்த பயணத்துக்கு மற்றொன்று. பல ஆண்டுகளாக இப்படித்தான். இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டு, ஒன்றை ஒன்று சரிபார்க்க வேண்டும் என்று ஆனது. பழைய வீட்டில் ஒரு ஸ்விட்சை மாற்றப்போய் மொத்த ஒயரிங்கையும் இழுக்க வேண்டி வந்த கதை. பிறகு நிஜமான ஒயரிங்கும் வந்தது. ஸ்டெபிலைசர் மோட்டாருக்குப் போகும் ஒயர்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஓடுகின்றன, உராய்ந்து ஷார்ட் ஆனால் தானாக ஓடும் அபாயம் உண்டு, பிரித்துப் போட வேண்டும் என்றது எஃப்ஏஏ.

விமானிகள் சங்கங்கள் இந்தத் தாமதத்தை ஒரே குரலில் பார்க்கவில்லை. சவுத்வெஸ்ட்டில் 34 மேக்ஸ், அங்கே இருக்கும் விமானங்கள் எல்லாமே 737 தான். விமானிகளுக்குச் சம்பளம் பறக்கும் பயணத்துக்கு ஏற்பத்தான். பயணம் குறைந்தால் மாத அட்டவணையில் கிடைக்கும் கூடுதல் ஓட்டமும் குறையும். புது விமானம் வராவிட்டால் கோ-பைலட்டாக இருப்பவர் கேப்டன் ஆவதும் தள்ளிப்போகும். 30,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாகி 10 கோடி டாலருக்கு மேல் ஊதியம் போனது என்று சொல்லி, 2019 அக்டோபரில் சவுத்வெஸ்ட் விமானிகள் சங்கம் போயிங் மேல் வழக்குப் போட்டது. அதே சங்கம் அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் போனது ஒரு கணக்கு, எப்போது ஏறுவது என்பது வேறு கணக்கு.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கத்துக்குக் கோபம் வேறு இடத்தில். லயன் ஏர் விபத்துக்கு ஒரு மாதம் கழித்து, 2018 நவம்பர் இறுதியில், போயிங் அதிகாரிகளை நேரில் உட்காரவைத்து, இப்படி ஒரு சாஃப்ட்வேர் இருப்பதையே ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் அவர்கள். 2019 ஜூன் 19-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அந்தச் சங்கத்தின் தலைவர் டேனியல் கேரியும், ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ்ஸை இறக்கிய செஸ்லி சல்லன்பர்கரும் சாட்சி சொன்னார்கள். சல்லன்பர்கர் அந்தக் கோளாறைச் சிமுலேட்டரில் தானே செய்து பார்த்திருந்தார். என்ன வரப்போகிறது என்று முன்னமே தெரிந்திருந்தும், தீர்வு கிடைக்கும் முன் நேரம் தீர்ந்துபோவது எப்படி என்று தனக்கு விளங்கியதாகச் சொன்னார். அவர் கேட்டது கணினித் திரைப் பாடம் போதாது, சிமுலேட்டர் வேண்டும் என்பது.

அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் பெரிய பணம் இருந்தது. என்ஜியிலிருந்து மேக்ஸுக்கு மாறும் விமானிக்குச் சிமுலேட்டர் வேண்டாம், டேப்லெட்டில் ஒரு மணி நேரப் பாடம் போதும் என்பதுதான் மேக்ஸின் விற்பனைப் புள்ளி. சிமுலேட்டர் பயிற்சி தேவை என்றானால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகச் சவுத்வெஸ்ட்டோடு போயிங் ஒப்பந்தம் போட்டிருந்தது. எம்கேஸ் விமானியின் கையேட்டில் விளக்கப்படாததையும் இதோடு சேர்த்துப் படித்தால் புரியும். கோளாறு வந்தால் விமானி 4 நொடியில் சரியாகச் செயல்படுவார் என்பது வடிவமைப்பின் அனுமானம். போயிங்கின் சொந்தச் சோதனை விமானிக்கே 2012-இல் 10 நொடிக்கு மேல் ஆனது, அந்த நிலைமையைப் பேரழிவு என்று அவர்களே குறித்துவைத்திருந்தார்கள். 4 நொடி என்பது தாளில் எழுதச் சின்ன எண். யோக் கையில் நடுங்கிக்கொண்டிருக்க, வேகக் காட்டி இரண்டும் வேறு வேறு எண் சொல்ல, உயரக் காட்டியும் ஒத்துப்போகாமல் இருக்க, எது மூலக் கோளாறு எது அதன் விளைவு என்று பிரித்தறிய 4 நொடி என்பது என் கணக்கில் கனவு.

2020 ஜனவரி 7-இல் போயிங்கே இறங்கிவந்து, எல்லா மேக்ஸ் விமானிகளுக்கும் சிமுலேட்டர் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. விமானிகள் தரப்பின் பெரிய வெற்றி இதுதான் என்பேன். ஆனால் அது இன்னொரு தாமதத்தைத் திறந்தது: உலகில் மேக்ஸ் சிமுலேட்டர்கள் சொற்பம். இருந்தவற்றிலும், சக்கரத்தைச் சுற்றும்போது வருகிற உண்மையான கனத்தை சாஃப்ட்வேர் காட்டவில்லை என்று 2019 மே மாதமே போயிங் ஒப்புக்கொண்டிருந்தது. சக்கரம் லேசாகச் சுற்றுகிற பொம்மையில் பழகிவிட்டு நிஜத்தில் போய் நிற்பதால் யாருக்கு என்ன பயன்?

கடைசியில் வந்த பயிற்சியில் முக்கியமானவை இவை. எம்கேஸ் இயங்குவதைக் கண்ணால் பார்ப்பது. டேக்ஆஃபில் ஒரு சென்சார் பொய்யான அதிகக் கோணத்தைக் காட்டுவது. ஸ்டெபிலைசர் தானாக ஓடி, பிறகு கையால் டிரிம் செய்தே தரையிறங்குவது. கேப்டனும் கோ-பைலட்டும் தனித்தனியாக ஓட்டிப் பழக வேண்டும். செக்லிஸ்ட்டுகளில் எட்டைத் திருத்தினார்கள். அவற்றில் விமானிகள் அதிகம் விவாதித்தது ஸ்டெபிலைசர் தானாக ஓடும்போது செய்ய வேண்டிய மனப்பாடப் படிகள். பழையதில், ஆட்டோபைலட்டையும் ஆட்டோத்ராட்டிலையும் விடுவித்த பிறகும் ஓடினால் கட்அவுட். புதியதில், மூக்கையும் வேகத்தையும் பிடித்துக்கொள், கட்டைவிரல் ஸ்விட்சால் யோக்கின் கனத்தை முடிந்தவரை இறக்கு, அதன் பிறகே கட்அவுட் என்று வரிசை தெளிவானது. ஒரு வரி மாற்றம்தான். ஆனால் 302-இல் 2.3 யூனிட்டில் மாட்டிக்கொண்டு மின்சாரத்தை அணைத்ததற்கும், 4-க்கு மேல் மீட்டுவிட்டு அணைப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சக்கரத்துக்கு என்ன ஆனது? பெரிதாக்கவில்லை. தேவைப்பட்டால் இரண்டு விமானிகளும் சேர்ந்து சுற்றலாம் என்று செக்லிஸ்ட்டில் சொல்லியிருக்கிறது. பிரிட்டிஷ் விமானிகள் சங்கம் 2020 செப்டம்பரில் எஃப்ஏஏ-வுக்கு எழுதிய கருத்தில் இதைக் கடுமையாக எதிர்த்தது. இருவரும் குனிந்து சக்கரத்தைச் சுற்றினால் விமானத்தை ஓட்டுவது யார், கருவிகளைப் பார்ப்பது யார், கட்டுப்பாட்டறையோடு பேசுவது யார்? நியாயமான கேள்வி. ஒருவர் ஓட்ட ஒருவர் கவனிக்க என்பதுதான் இரண்டு பேர் காக்பிட்டின் அடிப்படையே. வேகத்தைக் குறைத்தால் ஒருவரே சுற்றலாம் என்பது மறுபக்கத்தின் பதில். அதுவும் உண்மைதான், வேகத்தைக் குறைக்க நினைவு வந்தால்.

சத்தத்தின் கதைதான் எனக்கு இதில் சுவையானது. பொய்யான சென்சாரால் ஸ்டிக் ஷேக்கர் ஆரம்பித்தால் தரையிறங்கும் வரை நிற்காது. பயணம் முழுக்க யோக் உதறிக்கொண்டிருக்க, செக்லிஸ்ட்டை வாசித்துக் காட்ட வேண்டும். அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. விமானிக்குப் பின்னால் உள்ள பேனலில் அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால்தான் உண்டு. கனடா அதை அனுமதித்தது. வரிசை வரிசையான பிரேக்கர்களில் இது எது என்று சட்டென்று தெரிய வண்ண மூடி போடச் சொன்னது. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவும் 2021 ஜனவரியில் அனுமதித்தது. எஃப்ஏஏ அனுமதிக்கவில்லை. ஆக ஒரே விமானம், ஒரே கோளாறு; எல்லைக்கு வடக்கே இருக்கும் விமானி சத்தத்தை நிறுத்தலாம், தெற்கே இருப்பவர் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

மூன்றாவது சென்சார் கேட்டதும் ஈயாசாதான். தகடு இல்லாமல் மற்ற அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கோணம் போதும் என்று ஒப்புக்கொண்டு, மேக்ஸின் நீளமான வகையான மேக்ஸ் 10-இல் அதைச் சேர்க்கச் சொன்னார்கள். பொய்யான ஷேக்கரை நிறுத்தும் வசதியோடு அதைப் பழைய மேக்ஸ்களிலும் பின்னால் பொருத்த வேண்டும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமே வந்தது.

தடை நீங்கிய வரிசை தெரிந்ததுதான். 2020 டிசம்பர் 9-இல் பிரேசிலின் கோல் நிறுவனம் முதலில் பயணிகளோடு பறந்தது, மாதக் கடைசியில் அமெரிக்கன். நின்ற விமானம் ஒவ்வொன்றும் புது சாஃப்ட்வேர், ஒயர் மாற்றம், சாய்வுக்கோண சென்சார் சோதனை எல்லாம் முடித்து, பயணிகள் இல்லாமல் ஒரு பயணம் போய்வந்த பிறகே சேவைக்கு. சீனாவில் 2023 ஜனவரி வரை ஆனது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2021 ஆகஸ்ட் 26-இல் அனுமதித்தது. ஜெட் ஏர்வேஸ் அதற்குள் மூடிவிட்டிருந்ததால் அப்போது ஸ்பைஸ்ஜெட்டிடம் மட்டுமே மேக்ஸ் இருந்தது. 2022 ஏப்ரலில் அதே டிஜிசிஏ அந்த நிறுவனத்தின் 90 விமானிகளை மேக்ஸ் ஓட்டக் கூடாது, பயிற்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்று நிறுத்தியது. அவர்கள் பழகிய சிமுலேட்டரில் ஸ்டிக் ஷேக்கர் வேலை செய்யவில்லை. மொத்தப் பயிற்சியும் எதைத் தாங்கிக்கொண்டு ஓட்டுவதற்காக வந்ததோ, அதுவே இல்லாமல் நடந்த பயிற்சி.

2023 ஆகஸ்டில் மேக்ஸ் விமானிகளுக்கு இன்னொரு உத்தரவு வந்தது. ஈரமில்லாத காற்றில் எஞ்சின் பனித்தடுப்பை 5 நிமிடத்துக்கு மேல் போட்டுவைக்கக் கூடாது. எஞ்சின் முகப்பின் உள்சுவர் சூடேறி உடையலாம். மேகத்துக்குள் போகும்போது போட வேண்டும், வெளியே வந்ததும் அணைக்க வேண்டும். இறங்கும் நேரத்தில் ரேடியோ பேசிக்கொண்டே, பாதை மாற்றிக்கொண்டே அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேக்ஸின் சிறிய வகையான மேக்ஸ் 7-க்கு இந்தக் குறையோடே சான்று பெற விலக்கு வாங்கப் போயிங் முயன்றபோது அமெரிக்கன் விமானிகள் சங்கம் எதிர்த்தது. 2024 ஜனவரியில் அந்த விண்ணப்பத்தைப் போயிங் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே பறக்கிற மேக்ஸ்களில் மறந்துவிட்டால் நினைவூட்ட விளக்கோ மணியோ கிடையாது. டைமர் வைத்துக்கொள்வது விமானியின் பாடு.